கன்னி மூலைக் குழாய்

வியாழன்

விடியும்போதே காற்று. காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டு மாடியில் நெட் ஆன்டெனா வைக்கும் வேலை. வயலுக்கு நடுவே நாலே வீடு உள்ள தெரு, கேபிள் வராது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வண்ணார்பேட்டை டவரைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். அவர் மருமகள் செல்விக்குத் திங்கள்கிழமை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை ஆரம்பம். அன்றைக்கு நெட் இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்காம்.

"அண்ணே, மறந்துராதீங்க."

"மறந்தா ஒன் மாமனார் போடுத காப்பியக் குடிக்கேன்."

பெரிய சத்தியம்தான். அந்தக் காப்பியைக் குடித்தவர்களுக்குத் தெரியும்.

மாடிப்படி அறைச் சுவர் நல்ல இடம். கம்பத்தைத் தூக்கியதும் அண்ணாச்சி குறுக்கே நின்றார். கன்னி மூலையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, வாஸ்துப்படி அதைவிட எதுவும் உயரக் கூடாதாம்.

"ஏலே, நட்டா கன்னி மூலைலயே நடு."

அந்த மூலையை ஒட்டித்தான் கரண்டு கம்பி போகிறது.

"அங்கன நட்டா நாமதான் மேல போவோம் அண்ணாச்சி."

நான் மட்டும் சிரித்தேன். வேலை நடக்கவில்லை.

வெள்ளி

மறுபடி போனேன். அண்ணாச்சி விடுவதாக இல்லை. மத்தியானம் வரை பேச்சு. கடைசியில்:

"சரி வே, செவத்துலயே மாட்டு. கன்னி மூலைய நான் பாத்துக்கிடுதேன்."

எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கிளாம்ப் அடித்தாயிற்று. சாரல் வந்ததும் இறங்கிவிட்டேன். ஈரத்தில் ஏறுவதில்லை.

வாங்க: போல்ட், எர்த் கம்பி, வெற்றிலை.

சனி

நாள் முழுக்க மழை. செல்வி இரண்டு தரம் போன். "காப்பிக்கு ரெடியாண்ணே?" என்னையே கேலி.

ஞாயிறு

மழை இல்லை. காற்று உண்டு.

தெருவில் திரும்பும்போதே கண்ணில் பட்டது. கன்னி மூலையில் நெட்டையாக ஓர் இரும்புக் குழாய். உச்சியில் மஞ்சள் துணி. அண்ணாச்சியே நட்டு, தொட்டிக் காலோடு சணலால் கட்டியிருக்கிறார். காற்றுக்கு ஆடுகிறது.

"இப்ப எது வே உசரம்?"

கேலி வரவில்லை. எல்லோரையும் பின்பக்கம் கூட்டிப் போனேன். அதே அளவில் இன்னொரு குழாய் அங்கே கிடந்தது. அந்த நீளத்துக்குக் கயிறு எடுத்தேன். கரண்டு கம்பி இருக்கும் தூரத்தில் ஒரு செங்கல். ஒரு நுனி அண்ணாச்சி கையில். மறுநுனியோடு நான் நடந்தேன். செங்கல்லைத் தாண்டி, கிணற்றடி வரை போயிற்று கயிறு.

"கொழாய் சாஞ்சா இம்புட்டுத் தூரம் போவும்."

கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "செல்வி அந்தத் தொட்டிக்கிட்டதான் துணி காயப்போடுதா," என்றார். லைன்மேனுக்கு அவரே போன் போட்டார்.

லைன்மேன் வந்து கரண்டை நிறுத்திய பிறகுதான் குழாயைத் தொட்டோம். எதிர் வீட்டு அக்கா: "கறிக்கு மசாலா அரைக்க நேரத்துலயா வே?" உங்க கறியைக் கரண்டு இருந்தாலும் நாய்கூடத் தொடாது என்று வாய் வரை வந்தது. குழாய் கையில் இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

பிறகு இடுப்பில் பெல்ட், படி அறைச் சுவர். தென்னந்தோப்பு டவரை மறைக்கும் என்று உயரத்தையே நினைத்திருந்தேன், நானும் ஒரு அண்ணாச்சிதான். ஆன்டெனாவைச் சாண் சாணாக இறக்கிப் பார்த்தேன். தொட்டி மூடிக்கு ஒரு சாண் கீழேயும் சிக்னல் நிற்கிறது! எர்த் கொடுத்து, போல்ட் முறுக்கி முடித்தேன். அண்ணாச்சி தெருவில் நின்று ஒற்றைக் கண்ணை மூடி அளந்தார். "சரியா இருக்கு."

திங்கள்

வெயில். செல்வி போன்: வேலை ஆரம்பித்துவிட்டது, வீடியோவில் முகம் தெளிவாகத் தெரிகிறதாம்.

பின்னாலேயே அண்ணாச்சி போன்.

"ஏலே, ஆன்டெனா மேல காக்கா உக்காந்திருக்கு. இப்ப அதுல்லா உசரம்!"

"இருக்கட்டும் அண்ணாச்சி. வெரட்டுதேன்னு கம்பத் தூக்கிட்டு மாடிக்கு மட்டும் போயிராதீங்க."

போனில் கம்பைக் கீழே போடும் சத்தம்.