சிப்பிக்குப் போடும் ஊசி

15-3-1985, வெள்ளி.

தங்கை மகள் வசந்தாவைப் பெண் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து மாப்பிள்ளை வந்தார். முத்துச்சிப்பி ஆராய்ச்சியாம். பெரிய டாக்டர் என்று தெரு முழுக்க நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

"சிப்பிக்கு என்ன வைத்தியம் பாக்குதீய?" என்று மடக்கினேன். விஞ்ஞானத்தில் என்னை ஏய்க்க முடியாது. எட்டாம் வகுப்பு வரை நான்தான் முதல் ஆள்.

"ஒரு ஊசிதான் மாமா. கொஞ்ச நேரத்துல முட்டை விட்டுரும். அந்த ஊசி மருந்து நம்ம மூளையிலயும் தானா ஊறுது."

"யாருகிட்ட கதை விடுதீய? அதுக்குப் பேரு என்ன?"

அவர் வாயைத் திறக்குமுன் காபித் தட்டோடு நின்ற வசந்தா சொன்னாள்: "செரட்டோனின், மாமா."

மாப்பிள்ளை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

இருவரும் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள் என்கிறாள் தங்கை. இந்த வரனை நானே வலை போட்டுப் பிடித்ததாக ஊரெல்லாம் மார்தட்டினேன். தோழிக்குத் தெரிந்தவர் என்று விலாசத்தை என்னிடம் கொடுத்ததே வசந்தாதான். இப்போதுதான் உறைக்கிறது.