இடது கண் தெளிந்த பிறகு

செல்ல மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பா முழு நலம், நான் இடது கண்ணில் மட்டும் நலம், வலது கண் வரிசையில் காத்திருக்கிறது. அங்கே நீயும் உன் தூரிகைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

அப்பா கோள்மூட்டியதும் நீ போனில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுத் தையல்காரி வரைக்கும் கேட்டிருக்கிறது, மறுநாள் துணி காயப்போடுகிற சாக்கில் வந்து “என்னக்கா, பொண்ணு ஏதோ கோவமா” என்று விசாரித்துவிட்டுப் போனாள். நான் என்ன கொலையா செய்தேன், கண் ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதானே. புரை விழுந்ததிலிருந்து எனக்கு எது என்னவாகத் தெரிகிறதோ அதை நான் போனில் சொல்ல, நீ அதை அப்படியே உன் கண்காட்சிக்கு வரைந்துவந்தாய், அங்கே ஒரு சுவர் இன்னும் காலி என்று நீதானே சொன்னாய். கண்ணைச் சரிபண்ணிக்கொண்டால் சரக்கு தீர்ந்துபோகுமே என்று பயந்துவிட்டேன். மற்ற அம்மாக்கள் பிள்ளைக்கு நகையைக் கழற்றிக் கொடுப்பார்கள், என்னிடம் இருந்தது புரை. டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் கூரையைப் பார்த்தாள்.

நீ அடிக்கடி சொல்வாயே, நாம் பார்த்துவிட்டுப் பேர் வைப்பதில்லை, பேரை வைத்துவிட்டுத்தான் பார்க்கிறோம், அதைத்தான் வரைகிறேன் என்று. எனக்கு அது நாற்காலியில் தொங்கிய ஒரு சட்டையிடம்தான் புரிந்தது. வாட்ச்மேன் என்று நினைத்து, தண்ணீர் மோட்டார் ஓடாததைப் பற்றி அதனிடம் முறையிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாட்ச்மேன் என்று நினைத்த நொடியே அதற்கு மீசை முளைத்துவிட்டது, நான் சொன்னதற்குத் தலைகூட ஆட்டியது. நிஜ வாட்ச்மேன் ஒருநாளும் ஆட்டியதில்லை. நீ வரைந்து அனுப்பிய அந்தப் படத்தை அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி, “இதுல சட்டையோட சண்டை போடுற பேக்கு யாரு தெரியுமா, என் பொண்டாட்டிதான்” என்று பெருமையடித்துக்கொள்கிறார்.

உன் சத்தத்துக்குப் பயந்து இடது கண்ணை ஆபரேஷன் செய்துகொண்டு, கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்படிச் சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, இவ்வளவு நாளும் அதை நிழல் என்று நினைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அப்புறம் அப்பாவைப் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிகிற அளவுக்கு மெலிந்திருக்கிறார் கண்ணு, புருவம்கூட நரைத்துவிட்டது. எப்போது நடந்தது இதெல்லாம்? கல்யாணத்தன்று பார்த்த ஆளுக்கே நான் தினமும் டீ கொடுத்துவந்திருக்கிறேன் போல. “என்ன அப்படி மொறைக்கிற” என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

அந்தக் கண்ணோடு இருக்கும்போதுதான் நேற்று நீ போன் திரையில் வந்தாய். எப்போதும்போல “நல்லாருக்கேம்மா” என்றாய். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருப்பு, உதடு வெடித்திருக்கிறது, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, பின்னால் மேசை முழுக்கக் கழுவாத கோப்பைகள். இத்தனை மாதமும் நீ சொன்ன வார்த்தையைத்தான் உன் முகம் என்று பார்த்துக்கொண்டிருந்தேனா? போனை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் அழுதேன். ஆபரேஷன் செய்த கண் அழக்கூடாதாம், வலது கண்ணை வைத்தே சமாளித்தேன்.

அடுத்த வாரம் அதையும் டாக்டரம்மாவிடம் ஒப்படைக்கப் போகிறேன், இனிமேல் சத்தம் போடாதே. உன் காலிச் சுவர் காலியாகவே இருக்கட்டும், படம் பார்த்துக் கால் வலித்தவர்கள் சாய்ந்துகொள்வார்கள். வேளைக்குச் சாப்பிடு, விரலில் பெயிண்ட் காய்கிறவரைக்கும் முழித்துக்கொண்டிருக்காதே. கை நிறைய வேலையும் கண் நிறையத் தூக்கமுமாக நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த தடவை திரையில் வந்ததும் வாயைத் திறக்காதே. விளக்கைப் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இரு, நான் முதலில் பார்த்துக்கொள்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று அப்புறம் நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கத் தொடங்கியிருக்கும்
அம்மா