நூற்று நாற்பத்தெட்டு பவுண்ட்

கிராஃப்டன், வட டகோட்டா
4 ஜூன் 2018

அன்புள்ள மாரிட்,

இல்லை, கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. யாரும் என் மனதைக் கலைக்கவும் இல்லை. நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள் இருவரும் கத்த ஆரம்பித்துவிட்டோம். அதனால்தான் கடிதம். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

வெள்ளிக்கிழமை பள்ளிப் பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். முப்பத்தொரு வருடம். கேக் வெட்டினார்கள். "இனிமே என்ன ஆர்லிஸ், மக வீட்டுல காலை நீட்டி உக்கார வேண்டியதுதானே?" என்றார் தலைமை ஆசிரியர். "காலை நீட்டினா ஆக்சிலேட்டர் மேலதான் சார் நீட்டுவேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொன்னேன்.

வீட்டை விற்றாயிற்று, ஆகஸ்ட் கடைசியில் காலி செய்ய வேண்டும். கையில் நிற்பது இருபத்திரண்டாயிரம் டாலர். அதற்குள் ஒரு மோட்டார் ஹோம், உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி. கோடையில் பூங்கா முகாம்களில் காவல் வேலை பார்த்தால் நிறுத்த இடம் இலவசம். அக்டோபரில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை. குளிருக்கு அரிசோனாப் பாலைவனம். வாடகை இல்லாவிட்டால் ஓய்வூதியம் போதும்.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. குடியிருக்கப் போகிறேன். இரண்டுக்கும் வேறு வேறு வண்டி வேண்டும். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா

*

துலூத், மினசோட்டா
12 ஜூன்

அன்புள்ள அம்மா,

கீழ் அறைக்கு மஞ்சள் பூசியாகிவிட்டது. ஜன்னலில் ஏரி தெரியும். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறேன்.

இங்கே ஏரிக்கரையில் வண்டிகளில் தூங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். காலையில் போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டும். அவர்கள் எழுந்து, தலை வாரிக்கொண்டு, வேறு இடத்துக்கு ஓட்டிப் போவார்கள். அந்த வரிசையில் என் அம்மாவா?

எனக்கு இரண்டு விஷயம் புரியவில்லை. உனக்கு ஏன் வீடு வேண்டாம். உனக்கு ஏன் என் வீடு வேண்டாம்.

இரண்டாவதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

மாரிட்

*

கிராஃப்டன்
20 ஜூன்

அன்புள்ள மாரிட்,

கம்பி வைத்தாயா? எனக்கு அறுபத்து மூன்று வயது. போன மாதம்வரை முப்பத்தைந்தடிப் பேருந்தைப் பனியில் பின்பக்கமாக எடுத்தவள்.

சரி, செய்தி. இதுவரை ஏழு வண்டிகள் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஏறியதும் முதலில் கடைசிவரை நடந்து போகிறேன். ஏன் என்று விற்பவர்களுக்குப் புரிவதில்லை. ஒவ்வொரு நடை முடிந்ததும் கடைசி இருக்கைவரை போய் எந்தப் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்று பார்ப்போமே, அந்தப் பழக்கம். கால் தானாகப் போகிறது.

பிறகு கட்டை விரலால் சுவர் மூலைகளை அழுத்துகிறேன். விரல் உள்ளே போனால் ஈரம் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். ஐந்தில் விரல் போயிற்று. ஆறாவதில் கையே போயிற்று.

ஏழாவதுதான் வண்டி! கிராண்ட் ஃபோர்க்ஸில் பார்த்தேன். முப்பத்தொரு அடி. உள்ளே முழுக்க ஓக் மர அலமாரிகள். தனிப் படுக்கையறை. பதினெட்டாயிரம் டாலர். ட்ரெவர் என்ற பையன் விற்கிறான், கழுத்துப்பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு. படங்கள் வைத்திருக்கிறேன், பார். இதைப் பார்த்துவிட்டு யாராவது கண்ணாடியைத் தட்டுவார்களா?

அம்மா

*

துலூத்
26 ஜூன்

அன்புள்ள அம்மா,

என் கேள்விக்குப் பதில் இல்லை. கவனித்தேன்.

நான்காவது படத்தில் ஓர் அலமாரிக் கதவு திறந்திருக்கிறது. கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர். பெரிதாக்கிப் படித்தேன். அந்த வண்டியில் ஏற்றக்கூடிய எடை 1,090 பவுண்ட்.

தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 332. எரிவாயு 80. நீ 170 (உன் ஓட்டுநர் உரிமத்தில் எழுதியிருக்கும் எடைப்படி. உண்மை எடை உனக்கும் கடவுளுக்கும் தெரியும்). மிச்சம் 508. அதற்குள் உன் முழு வாழ்க்கை. அதோடு பின் சக்கரத்துக்குப் பின்னால் பத்தடி தொங்குகிறது. படுக்கையறையில் நீ வைக்கும் ஒவ்வொரு பவுண்டும் முன் சக்கரத்தைத் தூக்கும்.

துறைமுகத்தில் எவனாவது இப்படி ஒரு கப்பலை ஏற்றச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அழகாகத்தான் இருக்கிறது. வாங்காதே.

மாரிட்

*

கிராஃப்டன்
9 ஜூலை

அன்புள்ள மாரிட்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. அறுபத்தாறு பிள்ளைகளை ஏற்றி இறக்கியவளுக்கு ஏற்றக் கற்றுத் தருகிறாளாம்.

பிறகு யோசித்தேன். இத்தனை வருடத்தில் நான் எடையை எண்ணியதே இல்லை. தலையை எண்ணினேன். அறுபத்தாறு தலை இருந்தால் கதவை மூடு, கிளம்பு. ஒரு பிள்ளை எத்தனை பவுண்ட் என்று பேருந்து ஓட்டுகிறவள் எவள் கேட்டிருக்கிறாள்?

ட்ரெவரிடம் தானியக் கிடங்கின் எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

"எதுக்கு மேடம்? இதுல நாலு பேரு ஃப்ளோரிடா வரைக்கும் போயிட்டு வந்திருக்காங்க."

"போனாங்க சரி. எவ்வளவு ஏத்திட்டுப் போனாங்க?"

"இதெல்லாம் யாரு மேடம் உங்களைக் கேக்கச் சொன்னது?"

"என் பொண்ணு. துலூத் துறைமுகத்துல ஆயிரம் அடிக் கப்பல் வந்து நிக்கும். எந்த அறையில எத்தனை டன் இரும்புத் தாதுன்னு அவதான் சொல்லணும். அவ கையைத் தூக்கலேன்னா கப்பல் நகராது. நீ ஏத்து மேடையில."

ஏற்றினான். தொட்டி காலி, ஆள் இல்லை, அப்படியும் எல்லைக்கு 640 பவுண்ட்தான் மிச்சம். நீ சொன்னதைவிட மோசம். அந்த ஓக் அலமாரிகளில் பாதியை யாரோ பிறகு சேர்த்திருக்கிறார்கள். மேடைக்காரர் சீட்டை என்னிடம் நீட்டினார். ட்ரெவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டான். எனக்கு ஏனோ தலை நிமிர்ந்தது.

மறுநாள் பார்க் ரிவரில் ஹார்லன் என்ற விவசாயியின் வண்டியைப் பார்த்தேன். இருபத்து நான்கடி, 1999. பக்கவாட்டில் கடுகு நிறத்தில் ஒரு கோடு. நாய் நாற்றம். அவ்வளவு அசிங்கமான வண்டியை நான் பார்த்ததில்லை. கடைசிவரை நடந்தேன். எல்லா மூலையையும் அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது.

"நல்லா குத்திப் பாருங்க, அதுக்கு வலிக்காது" என்றார் ஹார்லன். "வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

"குடியிருக்கப் போறேன்."

"பலே. எம் பொண்டாட்டி கதவைச் சாத்தின அன்னிக்கெல்லாம் நானும் இதுலதான் குடியிருந்தேன். அருமையாத் தூக்கம் வரும்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்: "வித்துட்டா அப்புறம் எங்க போய்ப் படுப்பீங்களாம்?"

பதினான்காயிரம் கேட்கிறார். ஸ்டிக்கர் படம் வைத்திருக்கிறேன். நீ சொல்லும்வரை பணம் கொடுக்க மாட்டேன்.

அம்மா

*

துலூத்
15 ஜூலை

அம்மா,

தண்ணீர், எரிவாயு, நீ எல்லாம் போக 1,140 பவுண்ட் ஏற்றலாம். பின்னால் தொங்கல் இல்லை. வாங்கு.

வாங்கு என்றதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. தவறாக ஏற்றிய எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவ்வளவுதான்.

எடுத்துப் போகும் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுது. ஊகிக்காதே.

மஞ்சள் அறை காலியாகத்தான் இருக்கிறது.

மாரிட்

*

கிராஃப்டன்
5 ஆகஸ்ட்

அன்புள்ள மாரிட்,

வாங்கிவிட்டேன். நாய் நாற்றம் பாதி போய்விட்டது. மீதி நானாக இருக்கலாம்.

மூன்று நாள் குளியலறை எடைக்கருவியோடு அலைந்தேன். இதோ, ஊகம் எதுவும் இல்லாமல்:

உடை, போர்வை – 190
சமையல் சாமான் – 84 (இதில் இரும்புச் சட்டி 13. அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.)
மளிகை – 120
கருவிப் பெட்டி, ஜாக்கி, சங்கிலி – 165
ஜெனரேட்டர் – 110
பேட்டரிகள், சூரியத் தகடு – 205
புத்தகங்கள் – 60
மடக்கு நாற்காலி, மேசை – 48
பக்கத்து இருக்கை – 148

மொத்தம் 1,130. பத்து பவுண்ட் மிச்சம். தையல் மிஷினுக்கு (34) இடமில்லை. தேவாலய விற்பனைக்குக் கொடுக்கப் போகிறேன்.

சரியாக இருக்கிறதா, மேடம்?

அம்மா

*

துலூத்
12 ஆகஸ்ட்

அன்புள்ள அம்மா,

கூட்டல் சரி. ஆனால் ஒரு தவறு. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை வண்டியோடு வந்தது. அதன் எடை வெற்று வண்டியின் எடையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதை நீ மறுபடி எண்ண வேண்டியதில்லை. தவிர எந்த இருக்கையும் 148 பவுண்ட் இருக்காது.

அந்த வரியை அடித்துவிடு. தையல் மிஷினை எடுத்துக்கொள். இன்னும் நூறு பவுண்டுக்குமேல் மிஞ்சும். கம்பளங்கள் எடுத்துக்கொள். இரண்டாவது ஹீட்டர் எடுத்துக்கொள். குளிரப் போகிறது உனக்கு.

மாரிட்

*

கிராஃப்டன்
19 ஆகஸ்ட்

அன்புள்ள மாரிட்,

அது இருக்கையின் எடை இல்லை. அதில் உட்காருகிற ஆளின் எடை.

உன் ஓட்டுநர் உரிமத்திலிருந்து எடுத்தேன். கல்லூரி முடித்த கோடையில் நீ இங்கே தொலைத்துவிட்டுப் போன பழைய உரிமம், மேசை டிராயரில் கிடந்தது. எண் மாறியிருந்தால் சொல்.

நீ எனக்கு ஓர் அறை வைத்திருக்கிறாய். எனக்கும் வைக்கத் தெரியும்.

தையல் மிஷினைக் கொடுத்தாகிவிட்டது. வரியை அடிக்கப்போவதில்லை.

அம்மா

*

பீட்ரூட் முகாம், கிராஃப்டனுக்கு வடக்கே
14 அக்டோபர்

அன்புள்ள மாரிட்,

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. தபால் நிலையத்தில் இரண்டு முறை கேட்டேன். கப்பல்கள் அதிகமாக இருக்கும்.

பன்னிரண்டு மணி நேர வேலை. லாரிகள் வந்து நின்றபடி இருக்கின்றன. வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று கைகாட்டுவது என் வேலை. இருபது வயதுப் பையன்கள் நான் சொன்ன இடத்தில் நிறுத்துகிறார்கள். அதில் இருவர் என் பேருந்தில் வந்தவர்கள். இன்னும் "மிஸஸ் ட்வெய்ட்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இங்கே நாற்பது வண்டிகள் நிற்கின்றன. கதவைத் திறந்தால் எல்லா வீட்டிலும் காபி. யாரும் யாரையும் பார்த்து ஐயோ பாவம் என்பதில்லை. பக்கத்து வண்டி லவோன், ஒன்பது வருடமாக இப்படி. நேற்று என் முன்சீட்டில் பையை வைக்கப் போனாள். தடுத்தேன்.

"என்னடி, அந்த சீட்டுல ஒரு துரும்பக்கூட வைக்க விட மாட்டேங்கிற?"

"அது ஆள் இருக்கிற சீட்டு."

"அப்படிப் போடு! எவன் அவன்?"

"எவனுமில்ல. எம் பொண்ணு."

"வர்றேன்னாளா?"

"சொல்லல."

லவோன் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நவம்பரில் தெற்கே போகிறோம். பின்பக்கம் எழுதியிருப்பது அரிசோனாத் தபால் நிலைய முகவரி. அங்கே என் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அம்மா

*

துலூத்
14 ஜனவரி 2019

அன்புள்ள அம்மா,

நாளை ஏரிக் கப்பல்கள் கடந்து போகும் கால்வாய் மதகுகளைக் குளிர்காலத்துக்கு மூடுகிறார்கள். மார்ச் கடைசிவரை கப்பல் இல்லை.

ஐந்து மாதம் உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் உன் பட்டியலை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டேன். வருடத்துக்கு முந்நூறு கப்பல், ஒவ்வொன்றிலும் அறுபதாயிரம் டன். இதுவரை தவறியதில்லை. ஒரே ஒரு இருக்கையைத் தவறாகப் படித்தேன்.

வேலையிடத்தில் போன வாரம் உன் வண்டியின் படத்தைக் காட்டினேன். கடுகு நிறக் கோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். "எங்கம்மா தனியா ஓட்டிட்டு அரிசோனா போய்ச் சேர்ந்துட்டாங்க, பட்டியல் போட்டு, பத்து பவுண்ட் மிச்சம் வச்சு" என்றேன். சிரிப்பு நின்றது. முதலில் யாருக்கும் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று கிடங்கு எடைக்கருவியில் ஏறி நின்றேன். பூட்ஸோடு, பையோடு, 161. உரிமத்தில் இருக்கும் எண் அந்த நாளிலேயே பொய். அது உன்னிடம் கற்றது.

பிப்ரவரி மூன்றாம் தேதி, மதியம் அரிசோனாவுக்கு, ஃபீனிக்ஸ் விமானம். மூன்று வாரம்.

பதின்மூன்று பவுண்ட் கூடுகிறது. எல்லைக்கு மூன்று அதிகம். எதையாவது இறக்கு.

வீட்டுக்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடத்தை அளந்தேன். இருபத்தாறடி. உன் வண்டி இருபத்து நான்கு. கோடைக்குச் சொல்கிறேன். மஞ்சள் அறையில் என் சைக்கிளை வைத்துவிட்டேன். கம்பி அப்படியே இருக்கிறது, துண்டு காயப்போட.

உன் மாரிட்

*

குவார்ட்ஸைட், அரிசோனா
22 ஜனவரி

அன்புள்ள மாரிட்,

தபால் நிலைய வரிசையில் நின்றபடியே படித்தேன். பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். நகர்ந்தேன், வெயிலில் நின்று மறுபடி படித்தேன்.

மூன்றாம் தேதி ஃபீனிக்ஸில் நிற்பேன். வாகன நிறுத்தத்தில் தேட வேண்டியதில்லை. அவ்வளவு அசிங்கமான வண்டி வேறு இருக்காது.

பட்டியலைத் திருத்திவிட்டேன். பக்கத்து இருக்கை 161. மறுபடியும் பத்து பவுண்ட் மிச்சம்.

அம்மா

பி.கு. இரும்புச் சட்டியை (13) தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசி, லவோனிடம் கொடுத்துவிட்டேன்.