அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

19 அக்., புதன்

காலையிலிருந்து மழை. தெம்பனிஸிலிருந்து பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம், நின்றபடி. சிராங்கூன் ரோடு வருவதற்குள் சப்பாத்துக்குள் தண்ணீர்.

செய்ய வேண்டியவை: கோயில் விழா மலர், பக். 31 முதல். சர்டிபிகேட் நகல். அம்மாவுக்கு இருமல் மருந்து.

ஜூரோங் தொழிற்சாலையில் 25ஆம் தேதி சேர வேண்டும், இந்த அச்சகத்தின் விடுவிப்புக் கடிதத்தோடு. நோட்டீஸ் போன மாதமே கொடுத்தாயிற்று. முதலாளி கையெழுத்துப் போடவில்லை. இன்றும் கேட்டேன்.

"மலர் முடியட்டும் லா ஸ்டெல்லா. நீ போயிட்டா அந்த புரோகிராம யாரு ஓட்டுறது?"

தமிழ்ப் பக்கம் அமைக்கும் அந்தப் புரோகிராமை, விற்ற கம்பெனியே கைவிட்டு இரண்டு வருடம். கையேடு தொலைந்தது. எந்தச் சாவியில் எந்த எழுத்து என்பது என் விரல்களுக்கு மட்டும் தெரியும். வேறு வாங்கச் சொன்னால் "ஓடுதுல்ல?" ஓடுகிறது. என் முதுகில்.

மாலை சரஸ்வதி பூசை. நான் கிறிஸ்தவள் என்பதால் ஐந்து மணிக்கே போகலாம் என்றார் முதலாளி. அச்சு இயந்திரம் ஓட்டும் ராமு அண்ணன் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்தார்.

20 அக்., வியாழன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துப் பதினொரு மணிக்குத்தான் கம்ப்யூட்டரைத் தொடலாமாம். தொட்டேன். புரோகிராம் திறக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் கம்பெனி கொடுத்த மூல டிஸ்க்கைப் போட்டால்தான் திறக்கும். நகல் எடுக்க முடியாது. அந்த டிஸ்க்கை முதலாளி சாமி படத்தின் முன் வைத்து, தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறார். பொட்டுக்குத் தோதாகத் தெரிந்த இடம், உறையில் உள்ள நீளத் துளை. கம்ப்யூட்டர் படிப்பதே அந்தத் துளை வழியாகத்தான்.

"சாமிக்கு வெச்சது. ஒண்ணும் ஆகாது."

"சாமிக்கு ஆகாது பாஸ். டிஸ்க்குக்கு ஆகும்."

"வாய் நீளுது உனக்கு."

விற்ற இடத்துக்குப் போன் செய்தேன். இப்போது விற்பதில் தமிழே கிடையாதாம். கேட்க ஆளில்லையாம். நான் ஆளில்லை போல.

மலர் இல்லாவிட்டால் கடிதமும் இல்லை என்கிறார். கெடுத்தது அவர், மாட்டிக்கொண்டது நான்.

21 அக்., வெள்ளி

வெயில். ராமு அண்ணன் பிளேடால் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த கறுப்பு வட்டத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார், மீன் கழுவுவதைப் போல. ஃபேன் அடியில் காயவைத்து, வேறொரு டிஸ்க்கின் உறைக்குள் சொருகினோம். நான் மாதாவைக் கூப்பிட்டேன், அவர் முருகனை. ஏழாவது தடவை திறந்தது. யார் வந்தார்கள் என்று தெரியவில்லை.

"அணைச்சிடாதே தங்கச்சி. இன்னொரு வாட்டி படிக்கும்னு தோணல."

அட்டையில் எழுதி ஒட்டினேன்: அணைக்காதீர்கள். பக். 46 வரை முடித்தேன். மருந்து வாங்க மறந்தேன்.

23 அக்., ஞாயிறு

திருப்பலிக்குப் போகவில்லை. அம்மா பேசவில்லை. மூன்று நாளாக அணையாத கம்ப்யூட்டர், மேலே கை வைத்தால் இட்லிச் சட்டி. மிச்சமிருந்தவை வாழ்த்துச் செய்திகள். பெரிய மனிதர் பன்னிரண்டு பேர், பன்னிரண்டும் ஒரே வாழ்த்து. மூன்று மணிக்குப் பக். 64, கடைசி. கழுத்து திரும்பவில்லை.

24 அக்., திங்கள்

எல்லாப் பக்கமும் அச்சுக்குப் போயிற்று. கடிதத்தை நானே அடித்து நீட்டினேன். முதலாளி படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தீபாவளி வாழ்த்து அட்டை ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. மெஷினும் நல்லாத்தானே ஓடுது. இது ஓடுற வரைக்கும் இருந்துட்டுப் போயேன்."

சிரித்தார். பிறகு காப்பி குடிக்கப் போனார்.

அட்டையைப் பிய்த்தேன். அணைத்தேன். கம்ப்யூட்டர் விசிறிச் சத்தம் நின்றபோதுதான் அது நான்கு நாளாகக் காதில் இருந்தது தெரிந்தது.

ராமு அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே தமிழ் வேலை வராதே. என் கதி என்னன்னு யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

"சரி, போ," என்று உருளையின் மையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

முதலாளி வந்தார். டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். படிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிய்ந்த அட்டையைப் பார்த்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு மேசையில் எறிந்தார்.

"நல்லா இரு."

வாழ்த்தாக இல்லை.

25 அக்., செவ்வாய்

விடியுமுன் கம்பெனி பஸ். வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலை. இங்கே செய்வது கம்ப்யூட்டருக்கான டிஸ்க் டிரைவ். படிக்கும் முனையில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

"தூசி பட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றாள் சூப்பர்வைசர்.

தெரியும் என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் கைப்பையில் ராமு அண்ணனின் பொரிகடலைப் பொட்டலம். நமுத்திருந்தது. தின்றேன்.