சைக்கிள் கொட்டகையில் கட்டிய சிவப்புத் துண்டு

அனுப்புநர்:
தையல்காரர்,
தபால் நிலையத்துக்குப் பின் தெரு.

பெறுநர்:
தேனீ வளர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: எனக்குச் சொந்தமான தேனீக் கூட்டத்தை என் சம்பந்தி பிடித்து வைத்துக்கொண்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை நான் சட்டைக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது, என் பெட்டி ஒன்றிலிருந்து பாதிக் கூட்டம் ராணியோடு பிரிந்து பறந்தது. கத்திரிக்கோலும் கையுமாகப் பின்னாலேயே ஓடினேன். தபால் நிலையத்துச் சைக்கிள் கொட்டகையில் அது கொத்தாக இறங்கியது.

2. துரத்தி வந்தவர் கூட்டத்தின் கீழே தம் துண்டைக் கட்டிவிட்டால் வேறு யாரும் தொடக்கூடாது என்பது தேனீக்காரர்களுக்குள் உள்ள மரியாதை. அவ்வாறே என் சிவப்புத் துண்டைத் தூணில் கட்டிவிட்டு, பெட்டி எடுக்க வீட்டுக்குப் போனேன். போன பிறகுதான், காலியாக இருந்த ஒரே பெட்டியைச் சம்பந்திக்கு இரவல் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

3. அதை வாங்க அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. திரும்பி வந்தால் தேனீயும் இல்லை, துண்டும் இல்லை. அதற்குள் அவர் என் கூட்டத்தை என் பெட்டியிலேயே இறக்கித் தம் வீட்டு மாடிக்குக் கொண்டுபோயிருந்தார். தபால்காரர் சாட்சி.

4. விசாரித்ததற்கு, "யாரோ துண்டைக் காயப்போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாராம், ஊருக்கெல்லாம் பார்வை சோதிப்பவர். யாருடையது என்றே தெரியாத அந்தத் துண்டு மறுநாள் துவைத்து, இஸ்திரி போட்டு, நேராக என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் அவர் வீட்டு மருமகளான என் மகள். "அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்" என்றாள். பெண் கொடுத்த இடத்தில் குரலை உயர்த்தக் கூடாது என்பதால் காகிதத்தில் உயர்த்துகிறேன்.

5. கூட்டத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட வேண்டாம். அங்கே அடை கட்டி, ராணியும் முட்டையிடத் தொடங்கிவிட்டதாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்துதான் என் பெட்டிகளைத் திறந்து பார்ப்போம். இரண்டு ஞாயிறாக அவர் வரவில்லை. முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறார் என்கிறாள் மகள். தனியாகத் திறக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா.

6. என் பக்கமும் ஒரு குற்றம் உண்டு. அந்தப் பெட்டியின் மூடி ஒழுகும். காலிப் பெட்டிதானே என்று கொடுக்கும்போது சொல்லாமல் விட்டேன். தச்சரிடம் சொல்லிப் புது மூடி செய்துவிட்டேன். ஆனால் சம்பந்தி வராமல் நான் எப்படி முதலில் போவது? மழைக்கோ இந்த வீம்பெல்லாம் புரியாது.

ஆகவே, அவர் உடனே நேரில் வந்து மூடியை வாங்கிப்போகும்படி தாங்கள் ஒரு கடிதம் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அது போய்ச் சேருமுன் தூறல் விழுந்துவிட்டால், இந்த மனுவைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். மூடியோடு நான் அவர் மாடியில் இருப்பேன்.

இடம்: தையல் கடை
தேதி: கூட்டம் பறந்து பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிறு

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
தையல்காரர்