வலது தட்டு எலிகளுக்குத் தடிமன்

ஜூன் 10, திங்கள்
அம்பிட்டியவில் விடியலிலிருந்து தூறல். பஸ் பிந்தியது. ஆராய்ச்சிக்கூடத்து எலி வீட்டைத் திறக்கும்போது எட்டே கால். கூடு கழுவல், மரத்தூள் மாற்றல், தண்ணீர்ப் போத்தல்.

ஆராய்ச்சி செய்யும் யாழ்ப்பாணத்து மிஸ்ஸின் எலிகள் இருபது. எல்லாவற்றுக்கும் முதலில் ஞாபகத்தைக் கெடுக்கும் ஊசி. பிறகு இடது தட்டுக் கூடுகளில் இருக்கும் பத்துக்கு மரமஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த தூள். வலது தட்டுப் பத்துக்கு வெறும் தண்ணீர். அந்தத் தூள் வீக்கத்தை வற்ற வைக்குமாம், மூளையைக் காக்குமாம். இரண்டு வருஷமாக மிஸ் இதிலேயே. இரவில் தூக்கமில்லையென்று முகமே சொல்லும்.

"எங்க வீட்டுக்காரருக்கு முழங்காலும் வீங்கியிருக்கு, மூளையும் சரியில்ல. கூடு காலியா இருந்தா சொல்லுங்க மிஸ்."
"அவரை வலது தட்டிலதான் வைப்பன், அக்கா."

ஜூன் 12, புதன்
குளிர். வலது தட்டில் ஆறு பேருக்குத் தும்மல். எனக்கும் தடிமன், மூக்கு ஒழுகல். கேத்தலில் கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள் துண்டு. எனக்கு ஒரு கப். அந்த ஆறு பேருக்கும் போத்தலில் கொஞ்சம். கசப்பென்று முகத்தைத் திருப்பினார்கள். கருப்பட்டி கரைத்ததும் குடித்தார்கள்.

ஜூன் 17, திங்கள்
தும்மல் நின்றது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை, மழை நிற்கவில்லையே. காலையில் கொடுத்து, மிஸ் வருவதற்குள் போத்தலைக் கழுவி வெறும் தண்ணீர். சுத்தம் முக்கியம்.
வாங்க: சவர்க்காரம், இஞ்சி, வீட்டுக்காரருக்குத் தைலம்.

ஜூன் 27, வியாழன்
நீச்சல் பரீட்சை. பெரிய தொட்டி, பால் கலந்த தண்ணீர், உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு படி. முன்பே பழக்கிய இடம்தான். ஞாபகமுள்ள எலி நேரே போய் ஏறும், மறந்தது சுற்றும். இடது தட்டு நேரே போனது. வலது தட்டிலும் ஆறு நேரே. நாலு மட்டும், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடும் என் வீட்டுக்காரர் மாதிரி.

மிஸ்ஸின் முகம் சுருங்கியது.
"தண்ணி குடிச்சதுகளுக்கும் சுகமெண்டால், என்ர மருந்தால ஒரு பிரயோசனமும் இல்லைத்தானே. அக்கா, இதுகளுக்கு வேற மருந்து ஏதும் குடுத்தனீங்களே?"
"இல்ல மிஸ். ஒரு மருந்தும் குடுக்கல."
உண்மைதான். தடிமனுக்குக் குடிக்கிற கொத்தமல்லித் தண்ணீரை யார் மருந்தென்பார்?

மிஸ் கழிவறைக்குப் போய் அழுதார். குழாயைத் திறந்து விட்டாலும் கேட்கும்.

ஜூன் 28, வெள்ளி
போத்தல் கழுவும்போது பார்த்தேன். ஆறு போத்தலின் முனையிலும் மஞ்சள் கறை. என் கப்பிலும் அதே கறை. மிஸ்ஸின் தூளும் மரமஞ்சள், என் கேத்தலிலும் மரமஞ்சள்.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இரண்டு வருஷத்தைக் குப்பையில் கொட்டும். மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லிவிட்டேன்.

மிஸ் கத்தவில்லை. "எந்தெந்தக் கூடு?"
காட்டினேன். நான் கொடுக்காத நாலும்தான் தொட்டியில் சுற்றிய நாலு. மிஸ் கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரென்று தண்ணீர் கொண்டு ஓடினேன். சிரிப்பு. தன் தூள் வேலை செய்கிறதாம்.

ஜூலை 1, திங்கள்
பேராசிரியர் கூப்பிட்டார். நல்ல சேலையில் போனேன், போகிற வேலை மரியாதையாகப் போகட்டும் என்று. நான் வாய் திறக்குமுன் மிஸ் முந்திக்கொண்டார். "பிழை என்ர, சேர். மருந்து குடுத்தனீங்களோ எண்டு கேட்டனான். என்ன குடுத்தனீங்கள் எண்டு கேட்டிருக்கோணும்."

வேலை இருக்கிறது. நாலு எலியை வைத்து ஒன்றும் எழுத முடியாதாம். புதிதாக இருபது எலி, இன்னும் மூன்று மாதம், மிஸ்ஸுக்குத் தவணை நீட்டிப்பு. கேத்தல் அலுமாரியில், பூட்டி.

பின்னேரம் மிஸ் குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்தார். "இப்ப சொல்லுங்கோ அக்கா. வேற என்னென்ன குடுத்தனீங்கள்?"
யோசித்துச் சொன்னேன். பாண் ஓரம். வெள்ளிக்கிழமைப் பூசைக் கடலை. மிஸ்ஸின் பிறந்தநாள் கேக், இருபது பேருக்கும் சமமாக, ஓரவஞ்சனை இல்லாமல். நொண்டிய ஒன்றுக்குக் காலில் தைலம்.
"அது வாய்க்குள்ள இல்ல மிஸ், வெளியிலதான்."
மிஸ் பேனாவை மூடி வைத்தார். நான் இன்னும் பாதிகூடச் சொல்லவில்லை.