குடையை விட்டுப் போனவள்

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததை உங்கள் எதிர்வீட்டுக்காரர் போனில் சொன்னார். உங்களோடு பேச நான் போட்ட கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் பேத்தி பட்டாணி எழுந்துவிட்டாள். உங்களுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லையாம். இனிமேல் கடிதம்தான். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த டெலிபோன் ஆபரேட்டருக்குத் தபால்காரரை அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று உங்கள் மகன் சிரிக்கிறார்.

அவளுக்குக் கழுத்து நின்றுவிட்டது. குப்புற விழப் பார்க்கிறாள், முடியாமல் போனால் என்மேல் கோபித்துக்கொள்கிறாள். இன்னும் ஒரு மாதம் இருப்பதாகச் சொன்ன நீங்கள் குழாய் ஒழுகுகிறது என்று திடீரென்று கிளம்பிவிட்டீர்கள். குழாய் சரியாகிவிட்டதா?

ஒரு துணிப்பையை இங்கே விட்டுவிட்டதாகச் சொன்னீர்களாமே. பரண்மேல் பார்க்கச் சொல்கிறேன். பழைய காதல் தொடர்கதைகள்தானே? அந்த மாதிரிப் புத்தகங்கள் எனக்குப் பழக்கமில்லை, அதனால் கண்ணில் பட்டிருக்காது.

ஆபீசிலிருந்து முழங்கால் மூட்டுப் படம் ஒன்று கேட்டிருக்கிறார்கள், ஏதோ மருத்துவப் பாடப் புத்தகத்துக்கு. இன்னும் தொடவில்லை. பென்சிலை எடுத்தால் கை வேறு யாருடையதோ போல இருக்கிறது. பிள்ளையைத் தூக்கவும் துணி மடிக்கவும் மட்டும் தெரிந்த கை.

பணிவுடன்,
உங்கள் மருமகள்

ஜூன் 13

என் மருமகளுக்கு,

நலம். பட்டாணிக்குக் கழுத்து நின்ற செய்தியைப் படித்ததில் இன்னும் கொஞ்சம் நலம். குழாய் கிடக்கட்டும்.

பையைச் சீக்கிரம் அனுப்பு. அவை கடையில் வாங்கிய புத்தகங்கள் இல்லை. வாரப் பத்திரிகையில் வந்ததைக் கிழித்துச் சேர்த்து நானே ஊசி நூலால் தைத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே படிப்பேன். இரண்டு கையும் போர்டில் இருக்குமல்லவா, அதனால் பிரித்து வைத்தால் மல்லாந்து கிடக்கும்படி தளரத் தைத்தேன். மேலே காக்கித் தாளில் அட்டை போட்டு ‘அலுவலக விதிமுறைகள்’ என்று எழுதிவிடுவேன். உன் மாமனார் கடைசிவரை என்னைப் பெரிய கடமைக்காரி என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம். உண்மை தெரிந்திருந்தால் மானம் போயிருக்கும்.

மூன்றாவது புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இல்லை. அந்த வாரம் நான் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தேன். பத்திரிகை வாங்கிவாருங்கள் என்று கேட்கக் கூச்சம். பிள்ளை பெற்றவள் கேட்கிற பொருளா அது? முந்தின வாரம் கதாநாயகி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு மழையில் வெளியே போகிறாள். அடுத்த வாரம் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார்கள். நடுவே என்ன நடந்தது? உன் புருஷனுக்கு என்ன வயதோ அந்தக் கேள்விக்கும் அதே வயது.

பட்டாணியின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம்.

உன் அத்தை

ஜூன் 27

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னிக்க வேண்டும். பார்சல் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதோடு உங்கள் மகனுக்கு ஏணி ஏற நேரம் இல்லை. நானே ஏறலாமென்றால் பட்டாணி விடுவதில்லை. பை எங்கே போய்விடப்போகிறது?

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கதைகளில் வருகிற பெண்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மழை கொட்டுகிறபோது குடையை வாசற்படியிலேயே சாத்திவிட்டு இறங்கிப் போகிறவளை என்னவென்று சொல்வது? அசடு. நாலு எழுத்துப் படித்த பெண் செய்கிற காரியமா?

முழங்கால் மூட்டை வரைந்து அனுப்பிவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். கை திரும்பிவிட்டது போலிருக்கிறது. எதனால் என்று தெரியவில்லை.

பணிவுடன்,
உங்கள் மருமகள்

ஜூலை 6

மருமகளுக்கு,

குடையைப் பற்றி நான் எழுதவே இல்லையே.

முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு குமைய எனக்குத் தெம்பில்லை.

காலேஜில் பாடம் நடத்துகிற உன் சிநேகிதி வந்தாளே, அன்று நான் ஹாலில் பட்டாணியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, “யாருப்பா இதையெல்லாம் படிக்கிறது?” என்றாள். “எங்க அத்தைதான். மூளைக்கு வேலை இல்லாதவங்க வேற என்ன பண்ணுவாங்க?” என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

எனக்குக் காதுதான் போனது. போனபிறகு உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கப் பழகிக்கொண்டேன். உன் புருஷனுக்குக்கூட இது தெரியாது. தெரிந்தால் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவீர்கள். எக்ஸ்சேஞ்சில் காதால் ஒட்டுக் கேட்டவள் இப்போது கண்ணால் கேட்கிறேன். இதுவும் பெருமையான காரியம் இல்லை, எனக்குத் தெரியும்.

குழாய் ஒழுகவில்லை. பையை நான் மறந்தும் வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு உன் முன்னால் வாசல்வரை நடக்கக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் பரண்மேல் போட்டுவிட்டு வந்தேன்.

படிக்கிறாய் என்றால் படி. படிக்கவில்லை என்று எனக்கு ஏன் எழுத வேண்டும்? பையை இனிக் கேட்க மாட்டேன்.

பட்டாணியின் பாட்டி

ஜூலை 24

அத்தை,

எழுதி எழுதிக் கிழித்தேன். உங்கள் கடிதத்தில் கீழே ‘உன் அத்தை’ என்று இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போன மறுநாளே ஏணி ஏறினேன், பழைய வேட்டித்துணி தேடி. பை கையில் தட்டுப்பட்டது. மத்தியானம் பட்டாணிக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் புத்தகங்களை ஒரு கையால் பிடித்தால் படக்கென்று மூடிக்கொள்ளும். உங்களுடையது மட்டும் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. வேறு காரணம் இல்லை, சும்மா ஒரு பக்கம் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு அவளுக்குப் பசிக்காதபோதும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் மகன் வருகிற சத்தம் கேட்டால் அழுக்குத் துணிக்கூடைக்குள் தள்ளிவிடுவேன். ஒருநாள் அவர் துணி துவைக்க உதவுகிறேன் என்றபோது, கூடையைத் தொடாதீர்கள் என்று சண்டையே போட்டேன். என்ன பிழைப்பு இது என்று எனக்கே கூசியது.

எலும்பும் நரம்புமாக வரைந்து வரைந்து, கை என்றாலே எனக்கு எலும்புகள்தான். அந்தக் கதையில் அவன் அவள் கையைப் பிடிக்கிற இடத்தில் அழுதுவிட்டேன். அவள் வீட்டைவிட்டுப் போகிற இடத்துக்குப் போட்டிருந்த படத்தைப் பார்த்தால் எரிச்சல். கொட்டுகிற மழையில் அவளுக்குத் தலைமுடி அலை அலையாகப் பறக்கிறது! பக்க ஓரத்து வெள்ளையில் பென்சிலால் நனைந்த முடியை வரைந்து பார்த்தேன். உங்கள் புத்தகத்தில், அத்தை. நீங்கள் தைத்த புத்தகத்தில். பார்சல் கடை திறந்துதான் இருந்தது. பையை அனுப்பாததற்கு அந்தக் கிறுக்கல்தான் காரணம்.

பிறகு நிறுத்த முடியவில்லை. காணாமல் போன அந்த அத்தியாயத்தைத் தனித் தாள்களில் வரைந்தேன். எழுத எனக்கு வராது, எல்லாம் படம்தான். கதையில் அவர்களுக்குக் குழந்தை கிடையாது, நான் ஒன்றை வைத்துவிட்டேன். தெருமுனை வரை போனவளுக்கு ரவிக்கை நனைந்துவிடுகிறது, அது மழை இல்லை, பால். குடையை எடுக்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்புகிறாள். வாசலில் அவன் ஒரு கையில் குடையும் ஒரு கையில் துண்டுமாக, எதை நீட்டுவது என்று தெரியாமல் நிற்கிறான். அவள் என்ன சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. கடைசித் தாளை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நான் அன்று பேசியது மட்டமான பேச்சு. உங்களுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் பேசினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் தலை நிமிரவில்லை. பட்டாணி என் முகத்தையே பார்க்கிறாள். அவளுக்கும் உதடு படிக்கத் தெரியுமோ என்று பயமாக இருக்கிறது.

பையை இன்று அனுப்பிவிட்டேன். படங்களும் உள்ளே இருக்கின்றன. பிடிக்காவிட்டால் கிழித்துப்போடுங்கள்.

மருமகள்

ஆகஸ்ட் 5

மருமகளுக்கு,

பை வந்தது. பார்சலை வாங்கி வைத்துவிட்டுப் பிரிக்காமல் இருந்தேன். கோபம் போய்விடுமோ என்று பயம்.

முதலில் குறையைச் சொல்கிறேன். கதாநாயகனுக்கு என் மகனுடைய மூக்கை வைத்திருக்கிறாய். அந்த மூக்குக்காக எவளும் மழையில் திரும்பி வர மாட்டாள். நீ வேண்டுமானால் வருவாய்.

அவன்தான் தேடிப் போய் அவளைக் கூட்டிவந்திருப்பான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவன் எப்படியெல்லாம் கெஞ்சியிருப்பான் என்று யோசித்துக் கிடந்தேன். அப்போது என் ரவிக்கையும் அப்படித்தான் நனைந்து கிடந்தது. அதை எந்தக் கதையிலும் யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. நீ வரைந்ததைப் பார்த்ததும் என்னையே யாரோ பார்த்துவிட்டது போல வெட்கமாகிப் பக்கத்தை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன். அப்புறம் மூடவில்லை.

கடைசித் தாளுக்கு ஏன் இவ்வளவு யோசனை? “துண்டைக் குடு” என்றிருப்பாள். நனைந்து வந்தவள் வேறென்ன கேட்பாள்?

உன் படங்களை அவை இருக்க வேண்டிய இடத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். பக்க ஓரத்தில் நீ கிறுக்கியதை அழிக்கவில்லை. காக்கி அட்டைகளைத்தான் எல்லாவற்றிலிருந்தும் கிழித்துப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை புத்தகங்களோடு வருகிறேன். ஹால் அலமாரியில் இடம் ஒழித்து வை. பரண்மேல் வேண்டாம், துணிக்கூடையும் வேண்டாம். உன் சிநேகிதியையும் ஒருநாள் வரச்சொல். அவள் எடுத்துப் புரட்டி, “யாருப்பா இதையெல்லாம் படிக்கிறது?” என்று கேட்பாள். கேட்கட்டும். நான் துணி மடித்துக்கொண்டே உன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அத்தை